மான் கம்பத்து அட்டை

ஆறு நாட்களாக மார்லா கிவேலா தன் சொந்த வீட்டிலேயே வேண்டாத விருந்தாளியைப் போல நடமாடிக்கொண்டிருந்தாள். கணவன் ஆர்னி காப்பி போட்டு வைப்பான், அவள் குடிப்பாள். "பனி கொட்டுது" என்பான், "ம்" என்பாள். அதற்கு மேல் பேச்சு நகராது. நகர்ந்தால் நேராகப் போய் அவன் அண்ணன் மேல்தான் முட்டும்.

அண்ணன் என்றால் டாக்டர் டேல் கிவேலா. ஊருக்கு இருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் உள்நோயாளிப் பிரிவின் தலைமை டாக்டர். அதே பிரிவில் மார்லா நர்ஸ் பிராக்டிஷனர். பதினான்கு வருஷம் நர்ஸாக உழைத்து, பிறகு மேல்படிப்புப் படித்து, நோயாளியைச் சோதிக்கவும் மருந்து எழுதவும் அதிகாரம் வாங்கியவள். இதெல்லாம் நோயாளிகளுக்குப் புரிவதில்லை. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "நிஜ டாக்டர் எப்ப வருவார்?" என்று அவளிடமே கேட்பார்கள். டேலுக்கு நன்றாகவே புரியும். புரிந்துகொண்டுதான் அவர் "நம்ம பொண்ணுங்க பார்த்துப்பாங்க" என்பார்.

நவம்பர் பதினைந்தாம் தேதி நடந்ததைத்தான் இன்றைக்கு விசாரிக்கப் போகிறார்கள்.

அன்றைக்கு மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடம் கிடையாது, பாதிக் கடை கிடையாது, ஆஸ்பத்திரியில் பாதி டாக்டர் கிடையாது. டேல் மட்டும் பெரிய மனசு பண்ணி, "சின்னவங்க போகட்டும், நான் இருந்துக்கறேன்" என்று அன்றைய டியூட்டி முறையை ஏற்றுக்கொண்டார். ஊரே மெச்சியது.

ஒன்பதாம் அறையில் லியோ பெல்டோ படுத்திருந்தார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேட்டைக்காக மரத்தில் ஏணி கட்டப் போய் விழுந்து, இரண்டு விலா எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். இதயத்தில் செயற்கை வால்வு என்பதால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு வயிறு வலிக்கிறது என்றார். மார்லா கை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் கல் போல இறுகியிருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அவளுக்குப் பட்டது.

பத்தேகாலுக்கு டேலை போனில் கூப்பிட்டாள். மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டாள்.

"அது விலா வலி," என்று அடிக்குரலில் பதில் வந்தது. பின்னால் ஏதோ கருவி ஓடுவது போலப் புஸ்ஸென்று ஒரு சத்தம். "மருந்தை நிறுத்தினா வால்வுல கட்டி அடைச்சுக்கும். ஸ்கேன் நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னொரு பேஷண்ட் பக்கத்துல நிக்கிறேன். முடிச்சுட்டு வந்து பார்க்கறேன். வை."

வைத்துவிட்டாள். "மருந்தைத் தொடரவும். டாக்டர் கிவேலாவுடன் பேசப்பட்டது" என்று குறிப்பும் எழுதிவிட்டாள். தான் சொன்னது வேறு, அவர் சொன்னது வேறு என்பதை எழுதவில்லை. அந்தப் பிரிவில் யாருமே எழுதுவதில்லை. சண்டையெல்லாம் வாயோடு போய்விடும். காகிதத்தில் எல்லாரும் ஒரே குடும்பம். அவள் குறிப்பின் கீழே பிற்பாடு டேலின் கையெழுத்து விழுந்தது. கம்ப்யூட்டரில் ஒரு விசையைத் தட்டி நேரத்தை மட்டும் போட்டால், மிச்சம் எல்லாம் தானாக வந்து நிற்கும் வாசகம் அது. "நோயாளியை 10:40க்கு நானே நேரில் பார்த்துச் சோதித்தேன். மேற்கண்ட திட்டத்துக்கு உடன்படுகிறேன்."

அந்த நேரத்தில் மார்லா வேறு மூன்று அறைகளில் அல்லாடிக்கொண்டிருந்தாள். அவர் வந்தாரா, வரவில்லையா என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. ஒரு மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. டேலை இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இரண்டு மணிக்குத் தானே மருந்தை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பினாள். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். அறுவை சிகிச்சையும் ஆனது. பெல்டோ இன்னும் கண் திறக்கவில்லை.

காகிதத்தின்படி திட்டம் அவளுடையது. டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கோட்டை விட்டது அவள். இன்று பதினோரு மணிக்கு விசாரணைக் குழு இதை ஏற்றுக்கொண்டால் வேலை போகும். உரிமம் கொடுக்கும் சபைக்குக் கடிதம் போகும். இருபது வருஷ உழைப்பு ஒரே நாளில் மண்ணாகிவிடும்.

"இன்னைக்கு அங்க போய் டேலோட மல்லுக்கு நிக்காதே," என்றான் ஆர்னி. ஏலக்காய் ரொட்டியை அவளுக்கு ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தான்.

"யாரு மல்லுக்கு நிக்கறது? கேட்டா பதில் சொல்லுவேன்."

"அவன் உனக்குக் கெட்டது நினைக்கறவன் இல்ல."

"நினைக்க வேண்டாம். செஞ்சுட்டாரே, அது பத்தாதா?"

ஆர்னி கத்தியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கத்திதான் அது. பன்னிரண்டு வயதில் ஏரியின் பனித்தட்டு உடைந்து உள்ளே போன ஆர்னியை, வயிற்றால் ஊர்ந்து போய் இழுத்துப் போட்டவர் டேல். அந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து மார்லா வருஷத்துக்கு நாலு தடவை கேட்டிருக்கிறாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவனுக்குத் தசையோடு எலும்பும் சேர்ந்து ஆடும்.

டேல் அன்று விடியற்காலை ஆர்னியோடு அவர்கள் குடும்பத்து வேட்டைக் குடிலுக்குப் போனதை யாரும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. சாயங்காலம் தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால், சுட்ட மான்களைத் தொங்கவிட்டுப் பெரியதற்குப் பரிசு கொடுப்பதற்காக நட்டிருந்த மான் கம்பத்தில், கொண்டுவந்த மான்களிலேயே பெரியது அவருடையதுதான். விடியலில் சுட்டுவிட்டு முறைக்கு ஓடிவந்துவிட்டார் என்றுதான் ஆஸ்பத்திரியில் பேச்சு.

"உன்னை ஒண்ணு கேக்கறேன், ஆர்னி. உங்கண்ணன் குடில்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிட்டான்."

"மணியே பார்க்கலைன்னு போன வாரம் சொன்னே."

"இப்ப ஞாபகம் வந்துது."

"ஆறு நாள் கழிச்சா?"

"எனக்கு எப்ப ஞாபகம் வரணும்னு நீ சொல்லுவியா?"

அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே அபூர்வம். மார்லா ரொட்டியைத் தொடாமல் எழுந்தாள். குடிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது மைல், பனிப் பாதையில் ஒரு மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பியிருந்தால் பத்துக்கு ஆஸ்பத்திரி. கணக்கு அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கார் கொட்டகையில், பனி இளகத் தூவும் உப்பு வாளியைத் தேடினாள். ராத்திரி விழுந்த பனி வாசலில் கண்ணாடியாக இறுகியிருந்தது. வாளி மூலையில் இருந்தது. அதற்கு மேலே, அலமாரித் தட்டில், டேலின் மான் கொம்பு. பலகையில் பதித்துத் தரச்சொல்லி அண்ணன் தம்பியிடம் கொடுத்திருந்தார். கொம்பில் கம்பத்து அட்டை இன்னும் கட்டியபடியே தொங்கியது.

கம்பத்தில் ஏறும் ஒவ்வொரு மானுக்கும், யார், எங்கே, எத்தனை மணிக்குச் சுட்டது என்று ஒரு அட்டை உண்டு. தீயணைப்புப் படையில் தொண்டு செய்யும் ஆர்னிதான் வருஷா வருஷம் அதை எழுதுகிறவன். இடது கைக்காரன்; எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி ஒரு பக்கமாகவே படுத்திருக்கும். இருபது கெஜத்திலிருந்தே அவள் அடையாளம் கண்டுவிடுவாள்.

"டேல் கிவேலா. பன்னிரண்டு கிளை. ஓடை மேடு. காலை 10:20."

மார்லா வாளியைக் கீழே வைத்தாள்.

மறுபடி படித்தாள். மாறவில்லை.

பத்தேகாலுக்கு அவள் போன் செய்தாள். அந்த அடிக்குரல். அதற்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம், ஏதோ கருவி ஓடுகிறது என்று நினைத்தாளே, அது காற்று. இன்னொரு பேஷண்ட் பக்கத்தில் நிற்கிறேன் என்றாரே, அந்தப் பேஷண்டுக்குப் பன்னிரண்டு கிளைக் கொம்பு. அது தலையைத் தூக்கி ஓடிவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு அவசரமாக "ஸ்கேன் நாளைக்கு" என்றார். ஐந்து நிமிஷத்தில் சுட்டுவிட்டார்.

அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த மனிதர் ஒரு உயிரைப் பற்றிய குறிப்பில் கூசாமல் பொய் எழுதியிருக்கிறார். கம்பத்து அட்டையில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அந்த அட்டையில் பொய் எழுதியவன் இந்த ஊரில் தலை காட்ட முடியாது; அவன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சிரிப்பார்கள். அன்று கம்பத்தைச் சுற்றி நின்ற கூட்டம் கொம்பைத்தான் எண்ணியது, மணியை யார் பார்த்தார்கள்? பார்த்தவர்களுக்கும் ஒன்பதாம் அறையின் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இதை எழுதியவனுக்குத் தெரியும். காலையில் ரொட்டி வெட்டிக் கொடுத்தவனுக்குத் தெரியும்.

மார்லா சாவிக்கொத்தால் கயிற்றை அறுத்து அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். சமையலறை ஜன்னலில் ஆர்னி நிற்பது தெரிந்தது. அவள் கை காட்டவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் லியோ பெல்டோவின் நெஞ்சு இயந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறத்தில் எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். மார்லாவைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"இங்க எதுக்கு வந்தே?"

"எப்படி இருக்கார்னு பார்க்கத்தான்."

"பார்த்துட்டியா? போ." கிழவியின் குரல் நடுங்கவில்லை. "அன்னைக்கு நான் நாய்க்குச் சோறு வைக்க வீட்டுக்குப் போறப்ப உன்கிட்ட கேட்டேனே, டாக்டர் எப்ப வருவார்னு. 'கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்'னு சொன்னே. நீ இருந்ததுக்கு இதான் லட்சணம்."

"மிஸஸ் பெல்டோ..."

"மருந்து ஓடட்டும்னு எழுதினது நீதானாமே. காட்டினாங்க. உன் பேர்தான் இருக்கு."

மார்லா வாயைத் திறந்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது. எதுவும் இந்தக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லக்கூடியதாக இல்லை.

"என் பேர்தான் இருக்கு," என்றாள்.

வெளியே நடைகூடத்தில் டேல் காத்திருந்தார். வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் ஷூ, கையில் காப்பி. இரண்டு காப்பி. ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சரி, நின்னுக்கிட்டே பேசலாம்," என்றார். "உள்ள போறதுக்கு முன்னால ஒரு வழி சொல்றேன், கேளு. 'நான் கணிச்சதுல தப்பு நடந்துபோச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஆறு மாசம் நீ எழுதற ஒவ்வொரு மருந்தையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்னு நான் சொல்றேன். உரிமச் சபை வரைக்கும் போகாது. குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுடும்."

"குடும்பத்துக்குள்ளயா? லியோ பெல்டோவும் நம்ம குடும்பமா?"

"குதர்க்கம் பேசாதே."

"நான் ஸ்கேன் கேட்டேன். நீங்க வேண்டாம்னீங்க."

"அப்படி எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதலை. உங்க மரியாதைக்காக எழுதலை."

"என் மரியாதையைக் காப்பாத்த நீ யாரு?" டேல் சிரித்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார். "இதோ பார், மார்லா. நீ நல்ல நர்ஸ். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஆனா நடுப்படியில நிக்கறவங்க தன்னை மேல்படின்னு நினைச்சுக்கிட்டா இப்படித்தான் ஆகும்."

"நான் போன் பண்ணினப்ப எந்தப் பேஷண்ட் பக்கத்துல நின்னீங்க?"

அவர் கப்பின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.

"அதை உன்கிட்ட ஒப்பிக்கணும்னு எனக்கு அவசியமில்ல. பதினோரு மணி ஆகுது, வா."

கோட்டுப் பைக்குள் அட்டையின் முனை அவள் விரலில் குத்தியது. அப்போதே எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. ஏன் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியும். அட்டையில் இருப்பது டேலின் பெயர்; எழுத்து ஆர்னியுடையது. இதை வெளியே எடுத்தால் அண்ணனுக்கு எதிராகத் தம்பியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதாகும். முடிந்தால் அதைத் தொடாமலேயே ஜெயிக்க வேண்டும் என்றுதான், பாவம், அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக் குழுவின் தலைவி டாக்டர் பெவர்லி ஸ்டென், அறுவை சிகிச்சையில் முப்பது வருஷம் கத்தி பிடித்தவர். இரண்டு பக்கமும் இரண்டு பேர், வாயைத் திறக்காமல் குறிப்பெடுக்க.

"நான் இங்க யாருக்கும் சிநேகிதி இல்ல," என்றுதான் ஆரம்பித்தார். "டாக்டருங்க நர்ஸ் மேல பழி போடறதும் எனக்குப் பழக்கம். நர்ஸுங்க டாக்டர் முதுகுக்குப் பின்னால ஒளியறதும் பழக்கம். மிஸஸ் கிவேலா, மருந்தைத் தொடரவும்னு எழுதினது நீங்களா?"

"நான்தான்."

"அது உங்க முடிவா?"

"இல்ல. நான் மருந்தை நிறுத்தச் சொன்னேன், ஸ்கேன் கேட்டேன். டாக்டர் கிவேலா வேண்டாம்னு சொன்னார்."

"அப்புறம் ஏன் உங்க முடிவு மாதிரி எழுதினீங்க?"

"எங்க பிரிவுல அப்படித்தான் எழுதுவோம். அபிப்பிராய பேதம் குறிப்புல வந்தா, 'சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவ'ன்னு பேர் வரும்."

டாக்டர் ஸ்டென் கண்ணாடியைக் கழற்றினார். "சேர்ந்து வேலை செய்யறதுன்னா, நோயாளி செத்தாலும் பரவாயில்ல, காகிதம் அழகா இருக்கணும்னு அர்த்தமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் மார்லாவைச் சுட்டது.

"பாருங்க பெவ்," என்று டேல் மெதுவாகக் குறுக்கிட்டார். "நான் பத்து நாற்பதுக்குப் பார்த்தப்ப வயிறு மெத்துன்னுதான் இருந்துது. அதுக்கப்புறம் மாறியிருக்கு. மார்லா அன்னைக்கு ஒரே ஆளா தவிச்சுக்கிட்டிருந்தா. கவனிக்கத் தவறிட்டா. நான் அவளைக் குத்தம் சொல்லலை."

"குத்தம் சொல்லாமலே நல்லாச் சொல்றீங்க," என்றார் ஸ்டென். "அன்னைக்கு நீங்க வேட்டைக்குப் போயிருந்தீங்களாமே?"

"விடியறதுக்கு முன்னால போனேன். ஒளிக்கலையே. ஒன்பது மணிக்குக் கிளம்பி, பத்துக்கு இங்க வந்துட்டேன். இப்படிக் கேள்வி வரும்னு தெரியும்." அவர் கோட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "கூட இருந்தவங்க எழுதிக் குடுத்தது."

டாக்டர் ஸ்டென் படித்தார். புருவம் ஏறியது. காகிதத்தை மார்லாவின் பக்கம் நகர்த்தினார்.

காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி, எல்லா எழுத்தும் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன.

"நவம்பர் 15 அன்று என் அண்ணன் டேல் காலை 9 மணிக்கு எங்கள் வேட்டைக் குடிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார் என்று உறுதி கூறுகிறேன். ஆர்னி கிவேலா." தேதி, நேற்று.

நேற்று. நேற்று சாயங்காலம் இந்தக் கையால்தான் அவள் காரின் பனியைத் துடைத்துவிட்டான். ராத்திரி இந்தக் கையால்தான் போர்வையை அவள் தோள் வரைக்கும் இழுத்துவிட்டான். பதினெட்டு வருஷத் தாம்பத்தியம். அவள் பிழைப்பு போகும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிந்தது.

"உங்க கணவர்தானே?" என்றார் ஸ்டென்.

"ஆமா."

"இதுக்கு ஏதாவது சொல்லணுமா?"

எதிரே டேல் இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. தோற்றவளுக்காக இரங்குகிற முகம் அது. அந்த இரக்கம்தான் அவளைத் தள்ளிவிட்டது என்று பிற்பாடு மார்லா நினைத்துக்கொண்டாள்.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்," என்றாள். "பத்தேகாலுக்கு அந்த ஸ்கேனை நானே எழுதியிருக்கலாம். எனக்கு உரிமை இருக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்ல. கேட்டேன். கேட்டு, வேண்டாம்னதும் அடங்கிட்டேன். கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அது என்னோடது. எழுதிக்குங்க."

இரண்டு பேனாக்களும் எழுதின.

"ஆனா பத்து நாற்பது என்னோடது இல்ல."

கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். கணவனின் கடிதத்துக்குப் பக்கத்தில், ஓரம் ஒட்டி, வைத்தாள். அறுபட்ட கயிறு மேஜை மேல் வளைந்து கிடந்தது.

டாக்டர் ஸ்டெனும் இந்த ஊர்க்காரிதான். அது என்ன அட்டை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்தார். கடிதத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கை," என்றார்.

"அட்டையில நேரம் தப்பா விழுந்திருக்கும்," என்றார் டேல். அவர் குரலில் காற்று குறைந்திருந்தது. "கூட்டம். சத்தம். ஆளுக்கு ஒரு பீர். ஆர்னி அன்னைக்கு நாற்பது அட்டை எழுதியிருப்பான்."

"கம்பத்து அட்டையில தப்பு நேரமா, டேல்? உங்க மானுக்கு?" டாக்டர் ஸ்டென் நிமிர்ந்தார். "அப்போ பரிசைத் திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

டேல் கோர்த்த கைகளைப் பிரித்தார்.

"பத்தேகாலுக்கு நான் பேசினேன்," என்றாள் மார்லா. "பத்து இருபதுக்கு நீங்க சுட்டீங்க. நான் உங்ககிட்ட ஒரு மனுஷனைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். நீங்க மானைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"வாயை அடக்கு." முதல் முறையாக டேல் கத்தினார். "உன் புருஷனையே பொய்யன் ஆக்கறியே, வெட்கமா இல்ல?"

"நான் ஆக்கலை. நீங்க எழுதி வாங்கினீங்க."

டாக்டர் ஸ்டென் மேஜை மேலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்தார். "இனி நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டாம். எழுதினவரையே கேட்டுடறேன். நம்பர் சொல்லுங்க."

மார்லா சொன்னாள். மணி அடிக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதே நேரத்தில், மூடிய கதவுக்கு வெளியே, நடைகூடத்திலும் ஒரு மணி அடித்தது. ஆர்னியின் போன் மணி. அவள் ஆயிரம் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

வந்திருக்கிறான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஆறு நாளாக உறைந்து கிடந்த ஏதோ நெஞ்சுக்குள் அசைந்தது. கொட்டகையில் அறுந்த கயிற்றைப் பார்த்திருப்பான். மனசு கேட்காமல் ஓடி வந்திருப்பான். இதோ கதவைத் திறந்து, "அந்தக் கடிதம் பொய்" என்று சொல்லப் போகிறான். எப்படியானாலும் அவன் ஆர்னி.

கதவு திறக்கவில்லை. அங்கேயே நின்றபடி போனை எடுத்தான்.

"மிஸ்டர் ஆர்னி கிவேலா," என்றார் ஸ்டென். "பதினைந்தாம் தேதி உங்க அண்ணன் குடில்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"மார்லா அங்க இருக்காளா?"

"இருக்காங்க."

"அவ அந்த அட்டையைக் காட்டிட்டாளா, இல்ல இன்னும் காட்டலையா?"

டேல் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்லா மெதுவாக உட்கார்ந்தாள். அவன் உண்மையைச் சொல்ல வரவில்லை. எதைச் சொன்னால் தேறும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறான்.

"கேள்வி கேக்கறது நான், மிஸ்டர் கிவேலா," என்றார் ஸ்டென்.

"காட்டிட்டேன், ஆர்னி," என்றாள் மார்லா போனைப் பார்த்து. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டும் இங்கதான் இருக்கு. பக்கத்துல பக்கத்துல. நீ எழுதினதுல எது நிஜம்னு இனி நீயே சொல்லு."

கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. அது உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.